மாடலுக்கு மாடு தெரியாது

குப்பையை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே அனுப்பியதும் விஷயம் முடிந்துவிட்டது என்று நாம் மூக்கிலிருந்து கையை எடுத்துவிடுகிறோம். குப்பைக்கு அங்கேதான் ஆரம்பமே. கொட்டிய கொஞ்ச நாள் காற்று பட்டு அழுகும். மேலே மேலே கொட்டக் கொட்ட அடியில் காற்று தீர்ந்துபோகும். அதன்பின் காற்றே வேண்டாத பாக்டீரியாக்கள் பொறுப்பேற்றுக்கொண்டு மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் தயாரிக்கும். கூடவே கறுப்பாக ஒரு சாறு கசிந்து நிலத்துக்குள் இறங்கும். சாண எரிவாயுக் கலத்தில் நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது. கலத்துக்கு மூடி உண்டு, குழாய் உண்டு, எத்தனை கூடை சாணம் போட்டோம் என்ற கணக்கு உண்டு. குப்பைமேட்டுக்கு இந்த மூன்றும் கிடையாது.

இந்த அழுகல் எத்தனை வருஷம் நீடிக்கும், எவ்வளவு வாயு வரும், எப்போது அடங்கும் என்று கண்டுபிடிக்க கம்ப்யூட்டர் மாடல்கள் இருக்கின்றன. (மாடல் என்றதும் ஜவுளிக்கடை விளம்பரம் ஞாபகத்துக்கு வந்தால் உங்கள் மேல் தப்பில்லை. இது கணக்கு மாடல்.) பழைய குப்பைமேட்டை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் அறிக்கைகளில் இப்போதெல்லாம் இந்த மாடல்களின் வண்ண வண்ண வரைபடங்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. அந்த வரைபடங்களைக் காட்டித்தான் திட்டம் போடுகிறார்கள், டெண்டர் விடுகிறார்கள், 'இனி ஆபத்தில்லை' என்று சான்றிதழும் தருகிறார்கள்.

என் புகார் அந்த மாடல்கள் மேல் இல்லை. அதற்குள் நாம் போடும் எண்களின் மேல்.

*

மாடல் எப்படி வேலை செய்கிறது என்பதை கந்துவட்டி தெரிந்த ஊரில் விளக்குவது சுலபம். கூட்டு வட்டியைத் திருப்பிப் போட்டால் அதுதான் குப்பை மாடல். ஒவ்வொரு வருஷமும், மிச்சம் இருக்கும் மக்கும் குப்பையில் ஒரு குறிப்பிட்ட பங்கு அழுகும். அடுத்த வருஷம் மீதியில் அதே பங்கு. ஐ.நா.வின் பருவநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி. 2006-ல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே சொல்கிறது. அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இலவசமாகத் தரும் 'லேண்ட்ஜெம்' என்ற எக்செல் ஷீட்டும் இதையே செய்கிறது. பத்தாம் வகுப்புக் கணக்குதான். பயப்பட ஒன்றுமில்லை.

சூட்சுமம் எல்லாம் அந்தப் 'பங்கு' எவ்வளவு என்பதில் இருக்கிறது. ஐ.பி.சி.சி. வெப்ப நாடுகளை இரண்டாகப் பிரிக்கிறது. வருஷத்துக்கு 1000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தால் ஈரப் பிரதேசம், குறைவாகப் பெய்தால் வறண்ட பிரதேசம். ஈரப் பிரதேசத்தில் உணவுக் கழிவின் அழுகல் வேகம் 0.4. வறண்ட பிரதேசத்தில் 0.085. கேட்பதற்கு ஏதோ தசமப் புள்ளி சமாச்சாரம் மாதிரி இருக்கிறதா? 100 கிலோ சோற்றுக் கழிவைக் கொட்டிவிட்டு 10 வருஷம் கழித்து வாருங்கள். முதல் கணக்குப்படி மக்காமல் இருப்பது 2 கிலோ. இரண்டாவது கணக்குப்படி 43 கிலோ! ஒரே குப்பை, ஒரே மாடல். ஒரு எண்ணை மாற்றினால் 'முடிந்துபோன குப்பைமேடு' என்பது 'இன்னும் பாதி வெந்துகொண்டிருக்கும் குப்பைமேடு' ஆகிவிடுகிறது.

சென்னை முதல் வகை. திண்டுக்கல் சமவெளிக்கு ஆண்டு சராசரி மழை 1000-ஐத் தொடாது. ஆகவே திண்டுக்கல், வேடசந்தூர், வடமதுரை, அய்யலூர் எல்லாம் புத்தகப்படி இரண்டாவது வகை. சரிதானே என்று கையெழுத்துப் போட்டுவிடலாம். ஆனால், நம் ஊர்களில் குப்பையை எங்கே கொட்டுகிறார்கள்? மேட்டிலா? ஓடைக்கரை, குளத்து ஓரம், பள்ளம், ஏரியின் வாய் என்று தண்ணீர் வந்து சேரும் இடமாகப் பார்த்துக் கொட்டுவதுதான் தமிழ்நாட்டின் எழுதப்படாத விதி. பெருங்குடி குப்பைமேடு இருப்பதே பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில். வானத்திலிருந்து விழும் மழையை மட்டும் பார்த்து 'வறண்ட பிரதேசம்' என்று குறித்தால், பக்கவாட்டில் வந்து சேரும் தண்ணீரை யார் கணக்கில் சேர்ப்பது? அதே மாதிரி, பெயருக்கு ஈரப் பிரதேசமாக இருந்தும், உள்ளே காய்ந்துபோய்ப் பத்திரமாக இருக்கும் குப்பையும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் 1973-ல் 'குப்பை ஆராய்ச்சி' தொடங்கிய வில்லியம் ராத்ஜே என்ற தொல்லியலாளர், 1987 முதல் குப்பைமேடுகளைக் கீழடி தோண்டுகிற மாதிரி முறையாகத் தோண்டிப் பார்த்தார். மக்கி மண்ணாகியிருக்கும் என்று எல்லோரும் நம்பிய பல பத்தாண்டுப் பழைய செய்தித்தாள்கள் வாசிக்கிற நிலையில் கிடைத்தன. குப்பையின் வயதையே அந்தப் பேப்பரில் இருந்த தேதியை வைத்துத்தான் கண்டுபிடித்தார்!

*

அய்யலூருக்கு வருகிறேன். திண்டுக்கல் - திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கும் இந்தப் பேரூராட்சிக்கு இரண்டு விஷயங்களால் பேர். ஒன்று, வியாழக்கிழமை கூடும் ஆட்டுச் சந்தை. தீபாவளி, பக்ரீத்துக்கு முந்தைய வாரங்களில் கால் வைக்க இடமிருக்காது. இன்னொன்று தக்காளி. விலை ஏறினால் பெட்டிக்குப் பெட்டி லாரி ஏறும். விலை விழுந்தால் பறிகூலிக்கும் கட்டாமல் தக்காளி தெருவோரம் கொட்டப்படும்.

இந்த மாதிரி ஊரின் குப்பையில் என்னென்ன இருக்கும் என்று மாடலுக்குச் சொல்ல வேண்டும். உள்ளூர்க் கணக்கு இல்லையென்றால் ஐ.பி.சி.சி. புத்தகத்தில் 'தெற்கு மத்திய ஆசியா' என்று ஒரு வரி இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளலாம். உணவுக் கழிவு 40.3 சதவிகிதம். காகிதம் 11.3. மரம் 7.9. இந்தியர் ஒருவர் வருஷத்துக்கு 170 கிலோ குப்பை போடுவார் என்றும் எழுதியிருக்கிறது. அதாவது ஒரு நாளைக்கு 465 கிராம்.

அந்த 7.9 சதவிகித மரத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எந்தச் சிற்றூரிலாவது ஒரு கட்டை விறகு அடுப்புக்குப் போகாமல் குப்பைமேட்டுக்குப் போகுமா? காகிதம், அட்டைப்பெட்டி எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். ஆட்டுப் புழுக்கையை எருவுக்குக் காசு கொடுத்து வாங்குகிற, ராத்திரி கிடை போட்டு வயலுக்கு உரமேற்றுகிற மண் இது. காய்கறிக் கழிவு கிடங்குக்குப் போகும் வழியிலேயே பாதியை மாடு மேய்ந்துவிடும், மீதியில் பாதியை ஆடு. மாடலுக்கு மாடு தெரியாது. ஆனால் தக்காளி விலை விழுந்த வாரத்தில் நிலைமை தலைகீழ். சராசரிக்குப் பல மடங்கு ஈரக்கழிவு ஒரே நாளில் வந்து சேரும். அதையும் மாடல் அறியாது.

எல்லாவற்றுக்கும் மேலே தீ இருக்கிறது. குப்பை மலையாகிவிட்டால் நம் ஊர்களில் கையாளும் ஒரே தொழில்நுட்பம் தீக்குச்சிதானே? எரிந்துபோன குப்பை மாடல் சொல்லும் மீத்தேனைத் தராது. அதற்குப் பதில் புகையைத் தரும். 'மொத்தம் இவ்வளவு கொட்டினோம், ஆகவே இவ்வளவு வாயு வரும்' என்று கம்ப்யூட்டர் சமர்த்தாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது, பாதி குப்பை ஏற்கெனவே அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் நுரையீரலுக்குள் போயிருக்கும்.

*

இதெல்லாம் ஓர் எழுத்தாளனின் குதர்க்கம் என்று நினைக்க வேண்டாம். அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகமும் அண்ணா பல்கலைக்கழகமும் சேர்ந்து சென்னையின் இரண்டு குப்பைமேடுகளிலும் நேரடியாக வாயுவை அளந்தார்கள். 2008-ல் முடிவு வெளியானது. பெருங்குடியில் ஒரு சதுர மீட்டரிலிருந்து ஒரு மணி நேரத்தில் வெளியேறிய மீத்தேன் ஓர் இடத்தில் 0.9 மில்லிகிராம், இன்னோர் இடத்தில் 433 மில்லிகிராம். ஒரே குப்பைமேட்டுக்குள் கிட்டத்தட்ட 500 மடங்கு வித்தியாசம்! 2000-ம் ஆண்டுக்கு சென்னைக் குப்பையின் மொத்த மீத்தேன் சுமார் 120 டன் என்று அளவீட்டை வைத்து மதிப்பிட்டார்கள். ஐ.பி.சி.சி.யின் 1996 முறைப்படி வந்த எண் இதைவிட அதிகம்.

சரி, மாடல் எப்போதும் கூட்டிச் சொல்கிறது போலிருக்கிறது என்று ஆறுதலடைந்தீர்கள் என்றால், 2022-ல் வந்த இன்னொரு ஆய்வைக் கேளுங்கள். நெதர்லாந்து விண்வெளி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகளும் மற்றவர்களும் செயற்கைக்கோளிலிருந்து தில்லி, மும்பை, லாகூர், பியூனஸ் அயர்ஸ் ஆகிய நான்கு நகரங்களைப் பார்த்தார்கள். உலகக் கணக்கேடுகளில் எழுதியிருப்பதைவிட 1.4 முதல் 2.6 மடங்கு வரை மீத்தேன் அதிகமாக வந்துகொண்டிருந்தது. அதில் குப்பைமேடுகளின் பங்கு கணிசம். ஓர் ஊரில் கணக்கைவிடக் குறைவு, இன்னோர் ஊரில் கணக்கைவிட அதிகம். கம்ப்யூட்டர்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் பழைய வாசகம் ஒன்று உண்டு: குப்பையைப் போட்டால் குப்பைதான் வரும். அது இத்தனை நேரடியாகப் பலிக்கும் என்று சொன்னவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

மாடலை உருவாக்கியவர்களுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். அமெரிக்க விதியே மூன்று படி வைத்திருந்தது. முதல் படியில், எழுதிவைத்த பொது எண்களைப் போட்டுப் பார்க்கலாம். அதில் திருப்தி இல்லையென்றால் இரண்டாம் படி. குப்பைமேட்டுக்குள் குழாய் இறக்கி வாயு மாதிரி எடுக்க வேண்டும். மூன்றாம் படியில் அந்த இடத்தின் அழுகல் வேகத்தையே அளக்க வேண்டும். நாம் முதல் படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டு, அங்கேயே தூங்கியும்விடுகிறோம். அமெரிக்கச் சட்டத்துக்காக எழுதிய 0.05 என்ற அழுகல் வேகம் நம் ஊர் அறிக்கைகள் பலவற்றில் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது. 'ஏன் சார் இந்த எண்?' என்று கேட்டால், 'சாஃப்ட்வேர்ல வந்ததுங்க' என்று பதில் வரும். சாஃப்ட்வேரில் தானாக எதுவும் வராது. யாரோ அதை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

*

தப்பாகக் கணக்குப் போட்டால் என்ன குடி முழுகிவிடும்? மூன்று விஷயங்கள் முழுகும்.

முதலாவது உயிர். உள்ளே அழுகல் நடக்கும்வரை சூடும் வாயுவும் இருக்கும். மழைநீர் உள்ளே தேங்கினால் மேடு வழுக்கும். 2017 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று கொழும்பு மீதொட்டமுல்ல குப்பைமலை சரிந்து 32 பேர் செத்தார்கள். அதே வருஷம் செப்டம்பரில் தில்லி காஜிப்பூர் சரிந்தது, 2 பேர் பலி. 2022 ஏப்ரலில் பெருங்குடி எரிந்தது. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் பற்றியெரிந்து, நகரமே பத்து நாளுக்கு மேல் புகையைத் தின்றது. 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர். 'பழைய குப்பைதானே, அடங்கியிருக்கும்' என்ற நினைப்பை இத்தனை தடவை நெருப்பும் மண்ணும் மறுத்துச் சொல்லிவிட்டன.

இரண்டாவது பணம். தூய்மை இந்தியா இயக்கத்தின் இரண்டாம் கட்டம் 2021 அக்டோபரில் தொடங்கியதிலிருந்து பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் 'பயோ மைனிங்' வேலை நாடெங்கும் நடக்கிறது. நல்ல வேலைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. சென்னை கொடுங்கையூரில் மட்டும் 66 லட்சம் டன், சுமார் 640 கோடி ரூபாய் என்று திட்டமிட்டார்கள். டன்னுக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய். இந்த டன் எப்படி வருகிறது? மேட்டின் கன அளவை சர்வே செய்து, ஒரு கன மீட்டர் குப்பை இத்தனை எடை என்று ஓர் எண்ணால் பெருக்குகிறார்கள். அந்த எண் 0.6 டன்னா, 1 டன்னா? அழுகி முடிந்து அமுங்கிய குப்பை கனக்கும், அழுகாத குப்பை லேசாக இருக்கும். 10 லட்சம் கன மீட்டர் மேடு என்றால் இந்த ஒரு எண்ணில் 4 லட்சம் டன் வித்தியாசம் வரும். டன்னுக்கு ஆயிரம் ரூபாய் வீதம் 40 கோடி ரூபாய். ஒரு தசமப் புள்ளிக்குள் எத்தனை பங்களா ஒளிந்திருக்கிறது பாருங்கள்! கார்பன் கிரெடிட் கதையும் இதுதான். குப்பை வாயுவைப் பிடித்து விற்போம் என்று உலகம் முழுக்கப் பதிவான திட்டங்களில் பல, மாடல் சொன்ன அளவில் பாதியைக்கூட எட்டவில்லை.

மூன்றாவது மண்ணும் தண்ணீரும். அய்யலூர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். பழைய குப்பையைச் சலித்தால் அடியில் கறுப்பாக, பொலபொலவென்று ஒரு மண் கிடைக்கும். பார்த்தால் மக்கிய எரு மாதிரியே இருக்கும். 'நல்ல உரம், விவசாயிகள் அள்ளிக்கொள்ளலாம்' என்பார்கள். தில்லி ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் தில்லி, ஐதராபாத், கடப்பா குப்பைமேடுகளில் கிடைத்த இந்த மண்ணைச் சோதித்து 2018-ல் எழுதினார்கள். கன உலோகங்களும் உப்பும் சாதாரண மண்ணைவிட அதிகம், கண்டபடி பயன்படுத்த லாயக்கில்லை என்பது சாரம். மாடல் 'மக்கி முடிந்தது' என்று சொல்வது கார்பனைப் பற்றி மட்டும். காட்மியம் மக்காது. ஈயம் மக்காது. பேட்டரியும் டியூப்லைட்டும் எந்தச் சமன்பாட்டிலும் கரைந்துபோகாது. அந்த மண்ணைத் தக்காளித் தோட்டத்தில் கொட்டிவிட்டால் திரும்ப அள்ள எந்த சாஃப்ட்வேரும் வராது. நிலத்தடி நீர் கெட்டால் என்ன ஆகும் என்று திண்டுக்கல்காரர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவால் கெட்டுப்போன கிணறுகளை ஒரு தலைமுறையாகப் பார்த்துவிட்டவர்கள் அவர்கள். அய்யலூரை ஒட்டிய காடுகளோ 2022-ல் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பகுதியைச் சேர்ந்தவை. இந்தியாவிலேயே தேவாங்குக்கென்று அறிவித்த முதல் சரணாலயம். அந்த மலையடிவார ஓடைகளில் எது ஓட வேண்டும் என்பதை எக்செல் ஷீட் முடிவு செய்யக் கூடாது.

*

'அப்படியென்றால் கம்ப்யூட்டர் வேண்டாம் என்கிறாயா?' என்று கேட்பீர்கள். வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இருபதடி ஆழத்தில் நடப்பதை ஊகிக்க வேறு வழி கிடையாது. ஆனால் ஊகிப்பவனுக்கு முதலில் தகவல் கொடுக்க வேண்டும். ஜாதகம் பார்ப்பவர்கூட பிறந்த நேரம் கேட்கிறார். நாம் குப்பைமேட்டின் பிறந்த வருஷம்கூடத் தெரியாமல் ஆயுள் கேட்கிறோம்.

பழைய குப்பைமேடுகளை ஆராய்ந்து பார்க்க வேண்டியது உள்ளாட்சிகளின் பொறுப்பு என்று 2016-ம் ஆண்டு திடக்கழிவு விதிகளே சொல்லிவிட்டன. ஆராய்வது என்றால் என்ன? பேரூராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் ஐந்தே கோரிக்கைகள்.

ஒன்று: கிடங்குக்குள் நுழையும் ஒவ்வொரு வண்டியையும் எடை போடுங்கள். சொந்தமாக எடைமேடை இல்லாவிட்டால் நெடுஞ்சாலையோர எடைமேடையில் வாரத்துக்கு ஒரு நாளாவது ஏற்றி இறக்குங்கள். தேதி, எடை, எந்தத் தெரு. ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

இரண்டு: வருஷத்துக்கு நான்கு முறை, தார்ப்பாயை விரித்து ஒரு வண்டிக் குப்பையைக் கொட்டி, வகை பிரித்து நிறுத்துப் பாருங்கள். மழைக்காலம், கோடை, பண்டிகை, தக்காளி விலை விழுந்த வாரம். பிரிப்பவர்களுக்குக் கையுறையும் கூலியும் கொடுங்கள். எந்த மூட்டையில் என்ன இருக்கிறது என்று அந்தத் தூய்மைப் பணியாளர்களுக்குத் தெரிந்த அளவு எந்த ஆலோசனை நிறுவனத்துக்கும் தெரியாது.

மூன்று: பழைய மேட்டில் நான்கைந்து இடத்தில் துளை போட்டு சூடு, ஈரம், வாயு மூன்றையும் அளந்து, அதற்கப்புறம் மாடலை ஓட்டுங்கள். பதில் ஒரே எண்ணாக வந்தால் நம்பாதீர்கள். 'குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு' என்று சொல்கிற அறிக்கைதான் யோக்கியமான அறிக்கை.

நான்கு: சுற்றியுள்ள கிணறுகளின் தண்ணீரை வேலை தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் சோதியுங்கள். சலித்த மண்ணையும் சோதிக்காமல் ஒரு கூடைகூட வெளியே அனுப்பாதீர்கள்.

ஐந்து: இத்தனையையும் தமிழில் எழுதி, பேரூராட்சி அலுவலக வாசலில் ஒட்டுங்கள். மாடலுக்குள் என்ன எண் போட்டார்கள், அது எங்கிருந்து வந்தது என்பது உட்பட. சந்தைக்கு வரும் விவசாயி பல்லைப் பிடித்துப் பார்த்து ஆட்டின் வயதைச் சொல்லிவிடுவார். அவருக்குக் கணக்குப் புரியாது என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

இதற்கெல்லாம் ஆகும் செலவு ஒரு தராசு, ஒரு தார்ப்பாய், ஒரு தெர்மாமீட்டர், சில ஆயிரம் ரூபாய் சோதனைக் கட்டணம், துளை போட வாடகைக்கு ஒரு வண்டி. பெரிய டெண்டர்கூடத் தேவைப்படாது.

யாரும் செய்யாததற்குக் காரணமே அதுதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.